வேம்பும் ஈர்வாளும்

பண்டைத் தமிழகத்தில் வேந்தரும் குறுநில மன்னரும் காவல்மரம் பேணி வந்தனர். பகைவன் நாட்டை வென்றவன் அம்மரத்தை வெட்டி வீழ்த்துவது வெற்றியின் அடையாளமாகக் கருதப்பட்டது. மோகூர் மன்னன் பழையனின் காவல்மரமாகிய வேம்பைச் சேரன் செங்குட்டுவன் வெட்டிய செய்தியைப் பதிற்றுப்பத்து நமக்குத் தருகின்றது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர் எவரேனும் எழுந்து, "மரம் என்னங்க ஐயா தப்பு செஞ்சது?" என்று கேட்பதுண்டு. பகைமையின் விளைவு என்று விடை கூறி அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவோம். பகை ஏதுமின்றி, நம் மரத்தை நாமே வீழ்த்திய கதையை இம்மலரில் எழுத நேரும் என்று அப்போது நாம் எண்ணியதில்லை.

நம் தமிழ்த்துறையின் முன்னே வேம்பு ஒன்று நின்றது. இம்மலரைக் கையில் ஏந்தும் முன்னாள் மாணவருள் பலர் அதன் நிழலில் அமர்ந்து யாப்பிலக்கணம் படித்தவர்கள். கோடையில் மின்சாரம் நின்றுவிட்டால் வகுப்பு அந்த மரத்தடிக்கு இடம் பெயரும். ஓர் ஆண்டு மன்ற விழாவுக்குப் பந்தல் அமைத்தபோது தாழ்ந்த கிளைகள் இரண்டு இடைஞ்சலாக இருந்தன. அவற்றைக் கழித்துவிடுமாறு தோட்டப் பணியாளரிடம் சொன்னவர்கள் வேறு யாருமல்லர், துறையினராகிய நாமே. அவர் வெட்டரிவாளுடன் மரமேறினார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒரு கிளை பாதி வெட்டுப்பட்ட நிலையிலேயே தன் பாரம் தாங்காமல் ஒடிந்து, அடிமரத்துப் பட்டையை இரண்டு முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழுந்தது. மற்றொரு கிளையின் அடிக்கட்டை ஒரு சாண் அளவுக்குச் சிதைந்து நார்நாராய்த் துருத்தி நின்றது. விழா சிறப்பாக நடந்தேறியது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, நன்றியுரை நவிலப்பட்டது. மரத்தை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டு ஆண்டுகள் கழிந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவொன்றில், பட்டை உரிந்த அதே இடத்தில் மரம் பிளந்து, மிதிவண்டிக் கொட்டகையின் மேல் சாய்ந்தது. இரவாக இருந்தமையால், இறையருளால், எவர்க்கும் ஊறு நேரவில்லை. காலை ஒன்பது மணியாக இருந்திருந்தால் அக்கொட்டகையில் எத்தனை பிள்ளைகள் நின்றிருப்பார்கள் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகின்றது.

மரத்தை அறுக்க வந்த முதிய தச்சர் பிளவுக்குள் கையை விட்டார். ஈரத்தூள் ஒரு பிடி வந்தது. அதை நம்மிடம் காட்டி, "இது நேத்து மழையில விழுந்த மரம் இல்ல சார். அருவா பட்ட அன்னைக்கே உள்ளுக்குள்ள அழுக ஆரம்பிச்சிருச்சு. ரம்பத்தால அறுத்திருந்தா இன்னும் ரெண்டு தலைமுறை நின்னிருக்கும்" என்றார். பணியாளர் மீது குற்றமில்லை. அவரிடம் இருந்தது அரிவாள். நம்மிடம் இருந்தது அவசரம். நன்றாகக் கவாத்துச் செய்யத்தக்க ஒரு கைரம்பத்தை வாங்கித் தர வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை. அந்த எண்ணம் இனியேனும் எழ வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மரத்தின் காப்பு

நம் உடம்பில் புண் ஏற்பட்டால் கெட்ட தசை நீங்கிப் புதுத்தசை வளர்கின்றது. மரத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிதைந்த பகுதியை அது புதுப்பிப்பதில்லை. அப்பகுதியைச் சுற்றி உள்ளேயே அரண்களை எழுப்பி, அழுகல் பரவாமல் தடுத்து, மேலே புதிய மரத்தை வளர்த்து மூடிக்கொள்கின்றது. அமெரிக்க வனத்துறையின் மரநோய் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ (1930-2006) மரங்களை நீளவாக்கில் அறுத்து ஆராய்ந்து இவ்வுண்மையை விளக்கினார். 1977ஆம் ஆண்டு இக்கருத்தை அவர் முறையாக வெளியிட்ட பின்னர் உலகெங்கும் கவாத்து முறைகள் மாறத் தொடங்கின.

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தை உற்று நோக்கினால் வளையம் போன்ற ஒரு புடைப்பு தெரியும். மரத்தின் முதல் அரண் எழுவது அங்கேதான். அப்புடைப்பையும் சேர்த்து அடிமரத்தை ஒட்ட மழித்துவிட்டால் அரண் அழிகின்றது. புடைப்புக்கு வெகு தொலைவில் வெட்டிக் கட்டையை நீட்டி விட்டாலோ மரத்தால் அதை மூட இயலாமல் போகின்றது; கட்டை காய்ந்து, அழுகல் உள்ளே செல்லும் வழியாகின்றது. ஆகவே வெட்டு விழ வேண்டிய இடம் விரற்கடை அளவேயான ஓர் எல்லைக்குள் அமைந்துள்ளது. வெட்டிய இடத்தில் தாரைப் பூசிவிட்டால் போதும் என்று நம்புவோர் இன்றும் உளர். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் ஷைகோவின் ஆய்வுகள் காட்டின. சரியான இடத்தில் விழும் சீரான வெட்டே மருந்து.

அரிவாளை நாம் இழிவுபடுத்தவில்லை. இளநீர் சீவவும் முள்ளைக் கழிக்கவும் அதற்கு நிகரில்லை. ஆனால் அது ஓங்கி அடித்துப் பிளக்கும் கருவி. விரற்கடை எல்லைக்குள் அதை நிறுத்த எத்துணைத் தேர்ந்த கையாலும் எளிதில் இயலாது. கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி வெட்டவும் அதனால் ஆகாது. மெல்ல மெல்ல, விரும்பிய இடத்தில், விரும்பிய சாய்வில் அறுக்கவல்லது பல் உள்ள வாளே.

ஈர்வாள் என்னும் சொல்

ரம்பத்துக்குத் தமிழில் ஈர்வாள் என்ற பழம்பெயர் உண்டு. ஈர்தல் என்றால் அறுத்தல். ஈர்த்தல் என்றால் இழுத்தல். கவாத்து ரம்பத்தைப் பொறுத்தவரை இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. ஏனெனில் நல்ல கவாத்து ரம்பம் தள்ளும்போது அறுப்பதில்லை, இழுக்கும்போதுதான் அறுக்கின்றது.

நம் தச்சர்களின் கைரம்பங்களுள் பெரும்பாலானவை தள்ளி அறுப்பவை. தள்ளும்போது அலகு வளையாதிருக்க வேண்டுமாதலின் அது தடித்தும் அகன்றும் அமைய வேண்டியுள்ளது. இழுக்கும்போதோ அலகு விறைத்து நேராகின்றது. ஆகவே மெல்லிய அலகே போதும். மெல்லிய அலகு குறைந்த மரத்தையே அரித்துத் தூளாக்கும். கைக்கும் உழைப்பு குறையும். பண்டைய எகிப்தியர் மென்மையான செம்பினால் ரம்பம் செய்தமையால் இழுத்தே அறுத்தனர். ஜப்பானியத் தச்சர் எஃகு கைவந்த பின்னரும் இழுப்பு முறையைக் கைவிடாமல் போற்றி வளர்த்தனர். இன்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற கவாத்து ரம்பங்களுள் பல ஜப்பானில் செய்யப்படுபவை. மரக்கிளையில் ஏணியின்றி நிற்பவனுக்கு இழுப்பு முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. மேலே உள்ள கிளையைத் தள்ளி அறுப்பது கடினம். கையை உயர்த்தி இழுத்தால் உடம்பின் பாரமே துணைபுரியும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவதாக, வேலைக்கு ரம்பம் தேவைதானா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரல் பருமனுள்ள குச்சிகளுக்குக் கவாத்துக் கத்தரிக்கோலே போதும். அதற்கு மேற்பட்ட பருமனில்தான் ரம்பத்தின் ஆட்சி தொடங்குகின்றது. இரும்பறுக்கும் ஹேக்ஸா பிளேடைக் கொண்டு முருங்கைக் கிளையை அறுப்போரையும் கண்டிருக்கிறோம். அதன் நுண்ணிய பற்களில் ஈரத்தூள் அடைத்துக்கொள்ளும். பத்து இழுப்புக்குள் அது அறுக்காமல் வழுக்கத் தொடங்கும்.

இரண்டாவது, பல். தச்சர் அறுப்பது காய்ந்த பலகை. நாம் அறுப்பது பச்சை மரம். பச்சை மரத்தின் தூள் ஈரமாகவும் நாராகவும் இருக்கும். அது தங்கி வெளியேறுவதற்குப் பற்களுக்கிடையே ஆழ்ந்த பள்ளம் வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 பற்கள் உள்ள ரம்பம் ஏற்றது. பருத்த பச்சைக் கிளைகளுக்குப் பற்கள் இதனினும் பெரிதாக இருக்கலாம். மெல்லிய கிளைகளுக்கும் காய்ந்த கிளைகளுக்கும் பற்கள் நெருங்கியிருப்பது நன்று. பல்லின் இருபுறமும் மட்டுமன்றி நுனியிலும் தீட்டப்பட்ட, மூன்று முகங்கள் கொண்ட பற்கள் அறுத்த முகத்தை வழவழப்பாக விடும். வழவழப்பான முகத்தில் நீர் தங்காது.

மூன்றாவது, அலகின் நீளம். அறுக்கப்படும் கிளையின் குறுக்களவைப்போல் குறைந்தது இரு மடங்கு நீளம் அலகுக்கு வேண்டும் என்பது எளிய கணக்கு. நீளம் குறைந்தால் ஒவ்வோர் இழுப்பிலும் முன்னும் பின்னும் நகர இடமின்றித் தூள் உள்ளேயே தங்கிவிடும். 15 செ.மீ. கனமுள்ள கிளைக்கு 30 செ.மீ. அலகு தேவை. அதனினும் பருத்த கிளைகளை மாணவரும் ஆசிரியரும் தொடாமல் பயிற்சி பெற்ற பணியாளரிடம் விடுவதே அறிவுடைமை.

நான்காவது, அலகின் வடிவம். தலைக்கு மேலுள்ள கிளைகளுக்கு அரிவாள் போல் சற்றே வளைந்த அலகு உதவும். இழுக்கும்போது அது தானாகவே மரத்தில் பதிந்து செல்லும். இடுப்பளவிலும் மார்பளவிலும் உள்ள கிளைகளுக்கு நேரான அலகே வெட்டும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும். எவ்வாறாயினும் நுனி குறுகியிருத்தல் வேண்டும். இரு கிளைகள் பிரியும் இடுக்கில் தச்சரின் அகன்ற ரம்பம் நுழையாது. நுழைக்க முயன்றால் காக்க வேண்டிய கிளையின் பட்டை காயப்படும்.

ஐந்தாவது, பிடி. வியர்த்த கையில் வழுக்காததாகவும், இழுக்கும்போது கை நழுவாதபடி கடைசியில் கொக்கி போல் வளைந்ததாகவும் இருத்தல் நலம். மடக்கு ரம்பம் பையில் வைத்துக்கொள்ள ஏற்றது. ஆனால் விரித்த அலகு உறுதியாகப் பூட்டிக்கொள்கின்றதா என்று கடையிலேயே பல முறை விரித்தும் மடக்கியும் பார்த்து வாங்க வேண்டும். பூட்டு தளர்ந்த மடக்கு ரம்பம் விரலைப் பதம்பார்க்கும். மடங்காத ரம்பமாயின் உறையோடு வாங்குக.

ஆறாவது, தீட்டும் வாய்ப்பு. சில ரம்பங்களில் பல்முனை மட்டும் நொடிப்பொழுதில் சூடேற்றிக் கடினமாக்கப்பட்டிருக்கும். முனைகள் கருநீலமாகத் தோன்றுவதைக் கொண்டு இதனை அறியலாம். இவை நெடுநாள் கூர்மை குன்றா. ஆனால் மழுங்கிய பின் அரத்தால் தீட்ட இயலாது. அலகையே மாற்ற வேண்டும். ஆகவே மாற்று அலகு கிடைக்குமா என்று கேட்டு வாங்குவது முறை. பழைய முறைப் பற்களை முக்கோண அரத்தால் நாமே தீட்டிக்கொள்ளலாம். இரண்டிலும் குறையில்லை; எது நம் ஊரில் பேணத்தக்கது என்பதே கேள்வி.

மூன்று வெட்டுகள்

நல்ல ரம்பம் கையில் இருந்தும் முறை தெரியாவிடில் நம் வேம்புக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். பருத்த கிளையை ஒரே வெட்டில் நீக்கலாகாது. அடிமரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் அறுக்க வேண்டும். அதனினும் சற்று வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவதாக அறுக்க வேண்டும். இப்போது கிளை முறிந்து விழுந்தாலும் உரியும் பட்டை முதல் வெட்டோடு நின்றுவிடும். பாரம் நீங்கிய குறுங்கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, புடைப்பை ஒட்டி அதற்கு வெளியே மூன்றாவதாக அறுக்க வேண்டும். முதல் வெட்டு ஒன்றைச் செய்திருந்தாலே அன்று நம் மரத்தின் பட்டை உரிந்திராது. அதற்குச் செலவாகியிருக்கக்கூடியது இரண்டு நிமிடம்.

கவாத்து என்னும் சொல்லுக்குப் படைப்பயிற்சி என்றும் ஒரு பொருள் உண்டு. அப்பொருளில் அச்சொல் விதிமுறைகளைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக நம் மொழிக்கு வந்தது. மரத்தின் கவாத்துக்கும் ஒழுங்கு வேண்டும். ஓராண்டில் தழையுள்ள கிளைகளில் கால் பங்குக்கு மேல் நீக்கலாகாது. மழைக்காலத்தில் பூசணம் எளிதில் பற்றுமாதலின் வறண்ட நாளைத் தேர்வது நன்று. மாவுக்கு அறுவடை முடிந்த பின் கவாத்துச் செய்வர். கூட்டில் குஞ்சு இருக்கும் கிளையைத் தொடாதிருப்பது மனிதத்தன்மை. அண்மை ஆண்டுகளில் வேம்புகளின் நுனிகள் கருகிக் காய்வதைப் பலரும் கண்டிருப்போம். போமோப்சிஸ் என்னும் பூசணம் அந்நோய்க்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. நோயுற்ற கிளையை அறுத்த ரம்பத்தை அப்படியே மற்றொரு மரத்துக்குக் கொண்டு செல்லாமல், சாராயம் தோய்ந்த துணியால் அலகைத் துடைப்பது கடமை. வேலை முடிந்ததும் பிசினைத் துடைத்து, ஈரம் போக்கி, சிறிது எண்ணெய் தடவி வைத்தால் அலகு துருவேறாது.

ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை எக்காரணம் கொண்டும் நாமே அறுக்கலாகாது. நீண்ட அலுமினியக் கழியில் பொருத்திய ரம்பம் மின்சாரத்தைக் கைக்குக் கொண்டு வரும். அத்தகைய கிளைகளுக்கு மின்வாரியப் பணியாளரை அழைத்து, மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

எழக்கூடிய மறுப்புகள்

தமிழாசிரியருக்கு ரம்பத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். முதல், கரு, உரி என்று பொருளை வகுத்து, நிலத்துக்குரிய மரத்தைக் கருப்பொருளுள் வைத்துப் பயிற்றுவிப்பவர் நாம். மருதமும் குருந்தும் புன்னையும் தேர்வுத்தாளில் வாழ்ந்தால் போதும் என்று நாம் இருந்துவிட இயலாது.

புயலுக்கு அஞ்சிக் கிளைகளை முன்கூட்டியே வெட்டுவது தேவையன்றோ என்று வேறு சிலர் கேட்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரிப்படுகையின் தென்னந்தோப்புகளைக் குலைத்ததையும் மறக்கவில்லை. அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்தால் மரத்தை மொட்டையடிப்பது அச்சத்தைப் பெருக்கும் வழியாகும். மொட்டையடித்த இடத்தில் கொத்தாக எழும் தளிர்க்கிளைகள் மரத்தின் உள்வைரத்தில் வேரூன்றி எழுபவையல்ல. மேற்பட்டையை ஒட்டி எழுபவை. அவை விரைந்து பருத்து, அழுகத் தொடங்கிய கட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த புயலில் முதலில் முறிவன அவையே. காய்ந்தவையும் ஒன்றோடொன்று உரசுபவையுமான கிளைகளை மட்டும் தேர்ந்து அறுத்தால் காற்று ஊடே செல்லும், மரமும் நிற்கும்.

செலவு மிகும் என்பது மூன்றாவது மறுப்பு. ஒரு மன்ற விழாவுக்கு நாம் வாங்கும் பொன்னாடைகளின் எண்ணிக்கையில் சிலவற்றைக் குறைத்தால் நல்ல கவாத்து ரம்பங்கள் இரண்டு வாங்கலாம். போர்த்திய பொன்னாடை பெட்டிக்குள் உறங்கும். ரம்பம் பல்லாண்டு உழைக்கும்.

ஆகவே கல்லூரி நிருவாகப் பெருமக்களிடமும் ஊர்ப் பெரியோர்களிடமும் நாம் வேண்டுவது ஒன்றே. கல்லூரிக்கும், பள்ளிக்கும், பள்ளிவாசல் வளாகத்துக்கும், அடக்கத்தலத்து மரங்களுக்கும் பொதுவாக, உறையுடன் கூடிய நேர் அலகு ரம்பம் ஒன்றும் வளைந்த அலகு ரம்பம் ஒன்றும் வாங்கி வைக்க வேண்டும். நம் தோட்டப் பணியாளர்களுக்கு மூன்று வெட்டு முறையைக் கற்பிக்க வேண்டும். அரை மணியில் முடியும் வேலைக்கு இரண்டு மணி நேரக் கூலி தர மனம் கொள்ள வேண்டும். கூலியைக் குறைத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது நீதியன்று. 1969ஆம் ஆண்டு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள் ஆண்டுதோறும் கன்றுகளை நடுகின்றனர். நட்ட கன்றுக்கு ஐந்தாம் ஆண்டில் செய்ய வேண்டிய முதல் கவாத்தையும் அவர்கள் பணியுள் சேர்க்கலாம். இளங்கிளையைச் சிறிய வெட்டில் நீக்கினால், மரம் பருத்த பின் பெரிய வெட்டுக்குத் தேவை எழாது.

வேம்பு நின்ற இடத்தில் இப்போது ஒரு வேப்பங்கன்று ஆளுயரம் வளர்ந்துள்ளது. துறை ஆசிரியர்கள் தத்தம் பங்காகச் சிறுதொகை சேர்த்து, இந்த ஆண்டு 30 செ.மீ. அலகுள்ள நேர்ரம்பம் ஒன்று வாங்கினோம். அது துறை அலமாரியில் தமிழ்ப் பேரகராதியின் பக்கத்தில் உறையோடு இருக்கின்றது. கன்று இரு கவராகப் பிரிந்து வளர முனைகின்றது. வரும் பங்குனியில், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு கவரை நீக்க வேண்டும். மூன்றாமாண்டு மாணவர்கள் உடனிருந்து அறுக்கும் இடத்தைக் குறித்துக் கொடுக்கலாம். அன்று விழாவும் இல்லை, பந்தலும் இல்லை. ஆகவே அவசரமும் இல்லை.